எழுந்து நிற்பவர்கள்

வார்டோவில் மே மாதம்.
தேவாலயச் சுவரோரம் பனி இன்னும்
பிழியாத துணி மாதிரி கிடக்கிறது.
ஜன்னல் விளிம்புகளையெல்லாம் கடற்பறவைகள்
வாடகை தராமல் எடுத்துக்கொண்டுவிட்டன.

இல்வாவுக்குப் பதினைந்து நடக்கிறது.
கடவுள் உண்டா என்றால் தோளைக் குலுக்குவாள்.
ஆனாலும் திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்தாள்,
ஒரே நிபந்தனையோடு:
நானும் குன்வோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும்.
ஆறு வருஷமாக நாங்கள்
ஒரே கடையில் ஒரே நேரத்தில்
பால்கூட வாங்கியதில்லை.

திடப்படுத்தல்.
காபிக்குச் சொல்லலாம் அந்தச் சொல்லை.
பிள்ளைக்கு?

அவள் வகுப்பு சீவெர்த் போன வாரமே
சினிமா அரங்கில் வைத்துப் பெரியவனாகிவிட்டான்.
கடவுள் கிடையாது அங்கே.
நீதி, உரிமை, போதை பற்றி ஏழு வகுப்பு,
மேயரின் பேச்சு, ஒரு சான்றிதழ்.
கேக் அதேதான்.
உறைகளில் வரும் பணமும் ஏறக்குறைய அதேதான்.

எனக்கும் நடந்தது, தொண்ணூற்று மூன்றில்.
வந்த பணத்தில் மொபெட் வாங்கினேன்.
ஆகஸ்டில் அது துறைமுகத்தில் விழுந்தது.
எனக்கென்று படித்த வசனம்
அதற்கு முன்பே எங்கோ விழுந்துவிட்டது.
என்னைக் கேட்டால், வெறும் சடங்கு.
என்னைக் கேட்கவில்லை அவள்.

குன்வோர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள்.
நடுவில் ஓர் ஆள் அளவு இடம்.
அதில் என் கையுறைகளை வைத்தேன்.
அவள் தன் பையை வைத்தாள்.

பதினொரு பிள்ளைகள், வெள்ளை அங்கி.
ஒருவன் அங்கிக்கடியில் ஓட்டப்பந்தயக் காலணி.
சத்தியம் எதுவும் வாங்குவதில்லை இங்கே.
பெயரைக் கூப்பிட்டு
தலையில் கை வைத்து வேண்டுவார் பாதிரியார் மாரித்.
அந்தப் பெயருக்கு உரியவர்கள் அப்போது
எழுந்து நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் சடங்கு.

ஒரு பையனுக்கு நான்கு வரிசை எழுந்தது,
ஏதோ கால்பந்துக் கூட்டம் போல.
ஒரு பெண்ணுக்கு அண்ணன் மட்டும்.

“இல்வா.”
எழுந்தோம்.
பெஞ்சு முனகியது, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு முறை.
குன்வோரின் தம்பி, அவன் மனைவி,
ஓஸ்லோவிலிருந்து வந்த என் அக்கா.
எண்ணிக்கொண்டேன். ஐந்து.

பின்னால் இன்னொரு சத்தம்.
திரும்பினேன்.
கடைசி வரிசையில்
மீன் ஆலையின் நீலச் சட்டையோடு ஒரு பெண் நின்றாள்.
நாற்பது வயதிருக்கும். ஈர முடி.
யாரென்று குன்வோரைப் பார்த்தேன்.
அவளும் என்னைத்தான் பார்த்தாள்.
ஆறு வருஷத்தில் முதல் தடவையாக
எங்கள் இருவருக்கும் ஒரே விஷயம் தெரியவில்லை.

வேண்டுதல் என்ன சொன்னது என்று கேட்காதீர்கள்.
நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேக் வெட்டும்போது அவள் இல்லை.
ஷிப்டுக்குப் போய்விட்டாளாம்.
பெயர் யோலாந்தா, லிதுவேனியா என்றாள் இல்வா.
ஈஸ்டருக்கு முன் உண்டியலோடு வீடு வீடாகப் போனபோது
கதவு திறந்தவளாம்.
“அதுக்கப்புறம்?”
“அதுக்கப்புறமும் போனேன்.”
“என்ன பேசுவீங்க?”
வாயில் கிரீம். முள்கரண்டியை நக்கிவிட்டுச் சொன்னாள்:
“அது என் விஷயம், அப்பா.”

மாலை அவளை வாட்சோவுக்கு அழைத்துப் போனேன்,
இது என் வாரம்.
அங்கியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
முன் சீட்டில், கால் இரண்டும் டாஷ்போர்டில்,
உறைகளைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

“அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போவியா?”
“தெரியாது.”
கொஞ்சம் கழித்து:
“நீ எழுந்தப்போ ஒரு காலைத் தாங்கி நின்னே. முட்டி வலியா?”

பதில் சொல்வதற்குள் சுரங்கம் வந்துவிட்டது.
கடலுக்கு அடியில் மூன்று கிலோமீட்டர்.
ரேடியோ கரகரத்தது, அப்புறம் வெறும் இரைச்சல்.
அணைக்க அவளும் கை நீட்டவில்லை,
நானும்.